மோதிரம் கேட்காதே

ஜூன் 2, திங்கள்

விடியலிலிருந்து மழை. வீட்டுக்குள் மூன்று கயிறு கட்டி உடுப்பு. ஒன்றும் காயவில்லை. கடல் பக்க ஜன்னல் சாத்தியபடி.

புதுக்கடை ஒஃபீசில் இன்று: விவாகச் சான்றிதழ் இரண்டு, பிறப்புச் சான்றிதழ் சில, விவாகரத்துத் தீர்ப்பு ஒன்று. சேர்வதற்கு ஒரு பக்கம் போதுமாக இருக்கிறது, பிரிவதற்குத்தான் கட்டுக் கட்டாய். எல்லாவற்றின் அடியிலும் என் முத்திரை. சிங்கள மூலத்துக்கு உண்மையான தமிழ் மொழிபெயர்ப்பு என்று சத்தியப் பிரமாணம். கை வலி.

மாலை ஜெரோம் வந்தார், தொப்பலாக நனைந்து. அவருடைய குடை போன கிழமையிலிருந்து எங்கள் வீட்டுக் குளியலறையில் தொங்குகிறது. மனிதருக்குக் கிழமை நாளில் மருதானையில் கீபோர்ட், அம்ப் திருத்தும் கடை. சனியில் கல்யாண வீடுகளில் பாண்ட் வாசிப்பு. ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் தன் கத்தோலிக்கப் பங்குக் கோயில் பாடகர் குழு. மிச்ச நேரம் எங்கள் சாப்பாட்டு மேசை. மூன்று வருடமாக இப்படி.

இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கும்போது மேல்மாடி மாமி கறிவேப்பிலை கேட்டு வந்தார். ஜெரோமை மேலும் கீழும் பார்த்தார். அக்கா வழக்கம் போல, "ஃபேன் திருத்த வந்தவர்" என்றாள். ஜெரோமும் வழக்கம் போல எழும்பிப் போய் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். கொழும்பிலேயே அதிகம் திருத்தப்பட்ட ஃபேன் எங்களுடையது. அது ஒருநாளும் பழுதானதில்லை.

மாமி போன பிறகு, "கௌரி, ஒரு வேலை இருக்குது. சும்மா செய்துதர வேணும்" என்றார். ஃபோனில் ஒரு சிங்களப் பாட்டு. இப்போது எல்லா ஓட்டோவிலும் போடுகிறார்களே, அதுதான். பதினாலாம் திகதி இங்கே வெள்ளவத்தையிலேயே ஒரு ரிசெப்ஷன். பெண்ணுக்கு அந்தப் பாட்டில் பைத்தியம். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார்கள், சிங்களம் தெரியாது. ஆகவே தமிழில் வேண்டுமாம்.

"மெட்டுக்குள்ள நிக்க வேணும். மற்றது உம்மட இஷ்டம்."

என் இஷ்டம் என்று மொழிபெயர்ப்பில் ஒன்றும் கிடையாது என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக ஓம் என்றேன். குடையை இன்றும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 4, புதன்

மழை விட்டது. உடுப்பு பாதி காய்ந்தது.

பாட்டை உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்டேன். முதல் பிரதி, சொல்லுக்குச் சொல்:

என் குடை உன் வீட்டில் இருக்கட்டும்,
என் பெயர் உன் கதவில் வேண்டாம்.
சாவி தந்தாய், அது போதும்,
மோதிரம் கேட்காதே.
இன்றைக்கு வந்தேன், நாளையும் வருவேன்,
நாளைக்கென்று சத்தியம் கேட்காதே.

இதுவா கல்யாணப் பாட்டு? கொழும்பில் இத்தனை மண்டபங்களில் இத்தனை சோடிகள் கையைக் கோத்துக்கொண்டு இதற்கு ஆடியிருக்கிறார்கள். "நாளையும் வருவேன்" மட்டும் காதில் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் மெட்டும் நல்ல மெட்டு. சிங்களத்தில் ஆடிவிட்டுப் போகலாம். தமிழில் பாடினால் முன்வரிசையில் வேட்டியோடு இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியப்பாமாருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.

இது சிரிப்பு. பிறகு இரண்டாம் தரம் வாசித்தேன். சிரிப்பு வரவில்லை.

குடை எங்கள் வீட்டில். சாவி அவரிடம், அக்காவின் கண் ஒப்பரேஷன் நேரம் நான்தான் கொடுத்தேன், திருப்பிக் கேட்கவில்லை. பெயர் கதவில் இல்லை. எழும்பிப் போய்க் குளியலறையில் குடையைப் பார்த்துவிட்டு வந்தேன். பாட்டெழுதியவன் எங்கள் வீட்டுக்கு வந்து போனவன் மாதிரி எழுதியிருக்கிறான்.

ஊரில் எத்தனையோ பாட்டு இருக்க, இதை ஏன் என்னிடம் கொண்டுவந்தார்?

ஜூன் 6, வெள்ளி

வெயில். புழுக்கம்.

மத்தியானம் ஜெரோம் புதுக்கடைக்கு வந்தார். கோர்ட்டுக்கு முன்னால் உள்ள சாப்பாட்டுக் கடையில் பிளேன்டீ, ரோல்ஸ். கடை நிறையக் கறுப்புக் கோட். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், தொழில் பழக்கம்.

"இதைக் கல்யாண வீட்டில பாடேலாது."

"ஏன்?"

"மோதிரம் மாத்தின அண்டைக்கே மோதிரம் கேட்காதே எண்டு பாடுவீங்களோ?"

"நீர் அந்த ஒரு வரியிலயே நிக்கிறீர். அவன் ஓடுற ஆளில்லை, கௌரி. ஒவ்வொரு நாளும் வாறான். மோதிரம் போட்டவன் எல்லாம் நேரத்துக்கு வீட்டுக்கு வாறானோ?"

"வாறவன் பேரைச் சொல்ல ஏன் பயப்பிடுறான்?"

"பயமில்லை. மரியாதை."

"ஆருக்கு?"

"அந்தப் பிள்ளைக்கு. அவளுக்கு இதெல்லாம் பிடிக்காதெண்டு வையுமன்."

"அப்பிடிப் பாட்டில எங்க இருக்குது?"

"பாட்டில இல்லை" என்றார். பிறகு கடையிலிருந்து கோல். போய்விட்டார்.

பாட்டில் இல்லாததைப் பாட்டுக்காக வாதாடுகிறார். அந்த ஆள் சரி, அவன் செய்வது சரி என்கிறார். மூன்று வருடமாக வாய் திறந்து சொல்லாததை ஒரு பாட்டிடம் ஒப்படைத்துவிட்டு, அதையும் என் கையாலேயே தமிழாக்கச் சொல்கிறார்.

நோகிறது. வேறு சொல் தேடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா இறால் உடைக்க, நான் தேங்காய் துருவ, றேடியோவில் அதே பாட்டு. அக்காவிடம் வரிகளின் தமிழைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை அவள்.

"அவன் ஏற்கனவே கட்டினவன். வேறென்ன? அதுதான் கதவில பேர் வேண்டாமாம். அவன்ர பேர் வேற கதவில கிடக்குது."

வியாக்கியானம் முடிந்தது. இன்னும் இரண்டு இறால் உடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல்,

"உனக்கு மோதிரம் வேணுமோ?"

"எனக்கென்னத்துக்கு?"

"சும்மா கேட்டனான்."

எனக்கு மோதிரத்தில் ஆசை இல்லை, அது மெய். நாற்பத்து மூன்று வயதில் மணவறையும் வேண்டாம். மேல்மாடி மாமி "ஆர் இவர்?" என்று கேட்கும்போது ஒரு பதில் வேண்டும். ஃபேன் இல்லாத பதில். ஒரு மனிதர் தன் பெயரை என் பெயருக்குப் பக்கத்தில் வைத்து, நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் எனக்கு வேண்டியது. இவ்வளவு என்று எழுதிப் பார்த்தபோதுதான் அது சின்ன ஆசை இல்லை என்று தெரிகிறது.

இறால் கறிக்கு உப்புக் கூடிவிட்டது. என் கை.

ஜூன் 9, திங்கள்

ஒஃபீசில் ஃபஸ்லியாவிடம் கேட்டேன். எங்கள் டைப்பிஸ்ட், இருபத்தைந்து வயது, வருகிற மாதம் காவின், நிக்காஹ் எழுத்து. அந்தப் பாட்டு அவளுக்கு முழுக்கப் பாடம்.

"மிஸ், இது லவ் சோங் எண்டு நினைச்சீங்களா? சரியாப் போச்சு."

"பின்னே என்ன?"

"அவன் ஒருத்தன்தானே பேசிட்டு ஈக்கிறான். கேக்காதே, கேக்காதே எண்டு செல்லிட்டே ஈக்கிறான். அவள் கேட்டாளா இல்லையா எண்டு பாட்டில எங்கயாவது ஈக்கா? பாவம், அவள் வாயே திறக்கல்ல."

"அவள் வாய் திறந்தால்?"

"பாட்டு முடிஞ்சிடும் மிஸ்" என்று சொல்லிவிட்டு டைப் அடிக்கத் தொடங்கிவிட்டாள்.

பகல் முழுக்க ஒரு காணி உறுதியோடு மல்லாடினேன். வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே வீதி. மனம் அந்த எல்லைக்குள் நிற்கவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள்?

ஜூன் 10, செவ்வாய், போயா

பௌர்ணமி லீவு. காலி வீதியில் சத்தம் குறைவு. அக்கா நித்திரை.

என் தொழிலில் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. ஒருமுறை ஒரு அம்மா தன் வயதில் இரண்டைக் குறைத்துவிடச் சொல்லி ஒரு பை மாம்பழம் கொண்டுவந்தார். மாம்பழத்தோடேயே அனுப்பினேன். (கறுத்தக் கொழும்பான். அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.)

இன்று கூட்டினேன். மூலத்தில் இல்லாத ஒரு சரணம், கடைசியில். அவள் பேசுகிறாள்:

நான் கேட்கவில்லை, நீ கேட்டுப் பார்.
மோதிரம் வேண்டுமா, கேட்டுப் பார்.
கதவில் என் பெயர் எழுதவா என்று
வாய் திறந்து ஒருமுறை கேட்டுப் பார்.
வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்?

மெட்டுக்குள் நிற்கிறது. மேசையில் தட்டிப் பாடிப் பார்த்தேன். அக்கா அறையிலிருந்து, "ஆரடி அங்க?"

ஜூன் 11, புதன்

வேலை முடிய மருதானை. பஸ்ஸில் மிதிபட்டேன். நல்ல சேலை வேறு.

ஜெரோமின் கடையில் ஈயம் உருக்கிய மணம். மேசை நிறைய வயிறு திறந்த கீபோர்ட்கள். தாளை நீட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மேலிருந்து கீழே விரல் வைத்து வாசித்தார். கடைசிச் சரணத்தில் விரல் நின்றது.

"இது சிங்களத்தில இல்லையே."

"இல்லை."

"நீர் ஒரு சொல்லும் கூட்ட மாட்டீரே."

"ஓம்."

"அப்ப இது பிழையோ?"

"மொழிபெயர்ப்பெண்டு பார்த்தாப் பிழை" என்றேன்.

திரும்பவும் வாசித்தார். கடைசி வரியைக் காட்டி, மெதுவாக, "சொன்னனீர்" என்றார்.

"நானோ? எப்ப?"

அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் ஒரு பெரிய அம்ப்பைத் தூக்கிக்கொண்டு, "ஜெரோம் அய்யே, ஜெரோம் அய்யே" என்று உள்ளே வந்தார்கள். நாளைக்கு விகாரையில் பெரஹெரா ஊர்வலமாம், சத்தம் வருவதில்லையாம். அவர்களோடு சிங்களத்தில் கதைத்தபடியே தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு உட்காரவும் இடமில்லை. வந்துவிட்டேன்.

கடை வாசலில் குடையைக் கொடுக்க மறந்தேன். அதைக் கொடுப்பதாகச் சொல்லித்தானே வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஜூன் 12, வியாழன்

வாங்க: பால்மா, மிளகாய்த்தூள், அக்காவின் கண்மருந்து. ஃபஸ்லியாவின் காவினுக்கு ஏதாவது.

ஜெரோமிடமிருந்து ஒன்றுமில்லை. கோல் இல்லை, மெசேஜ் இல்லை.

நான் எப்போது வேண்டாம் என்றேன்? பஸ்ஸில் தேடினேன், கோர்ட்டில் தேடினேன். அவர் கேட்டாலல்லவா நான் வேண்டாம் என்று சொல்ல. அக்காவிடம் கேட்டேன்.

"நீ சொல்லாததோ? போற வாற கல்யாணத்தையெல்லாம் திட்டிறனீ. அந்த மனிசன் எத்தினையைக் கேட்டுதோ."

கண்மருந்து விட்டுவிட்டேன், இரண்டு கண்ணிலும்.

இரவு மெசேஜ்: "சனிக்கிழமை வாரும். வரி சரியோ எண்டு பார்க்க." அவ்வளவுதான். பதினைந்து தரம் வாசித்தால் வேறு அர்த்தம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

ஜூன் 14, சனி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

மண்டபத்தில் கடைசி வரிசை. எனக்கு அழைப்பிதழ் இல்லை; கேட்டவர்களிடம் பாண்ட்டோடு வந்தேன் என்றேன். பாட்டு ஐஸ்கிரீம் கொடுக்கும் நேரத்தில் வந்தது. பாண்ட்டில் பாடும் பெண் அழகாகத் தொடங்கினாள். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். "என் பெயர் உன் கதவில் வேண்டாம்" என்றதும் முன்வரிசையில் ஒரு பெரியப்பாவின் கரண்டி பாதியில் நின்றது. "மோதிரம் கேட்காதே"க்கு மேசை மேசையாகத் தலைகள் திரும்பின. "என்னவாம் சொல்றாள்?" என்று ஒரு பெரியம்மா உரக்கவே கேட்டார். மணப்பெண் முகம் வாடியது. நான் நினைத்தது அப்படியே நடந்தது. கதிரைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது.

பிறகு வாத்தியம் எல்லாம் நின்று, கீபோர்ட் மட்டும். ஜெரோம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். இந்த மனிதர் பாடி நான் கேட்டதே இல்லை. பாடாததற்குக் காரணமும் இன்று விளங்கியது. சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. "நான் கேட்கவில்லை, நீ கேட்டுப் பார்." பெரியப்பா தலையாட்டினார். "வாய் திறந்து ஒருமுறை கேட்டுப் பார்." மாப்பிள்ளை மோதிரக் கையைத் தூக்கிக் காட்ட, மண்டபம் முழுக்கக் கைதட்டு. பெண் சிரித்துவிட்டாள்.

கடைசி வரியை அவர் இரண்டு தரம் பாடினார். இரண்டாம் தரம் கீபோர்ட்டைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தார்.

வெளியில், பாண்ட்காரர் தங்கள் வான் வண்டிக்குள் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஜெரோம் வந்தார். வியர்த்து ஊற்றியிருந்தது.

"முதல் தரம் உங்கட ஒஃபீசுக்கு வந்தனான் எல்லே? அண்ணன்ர சேர்ட்டிபிக்கட்டோட. நீங்க கட்டேல்லையோ எண்டு கேட்டன். அதுக்கு நீர், சேருறதுக்கும் பிரியிறதுக்கும் நான் ஒரே முத்திரைதான் குத்திறனான், எனக்கு ரெண்டும் வேண்டாம் எண்டீர்."

"ஐயோ, அது வாற ஆக்கள் எல்லாருக்கும் சொல்றது! வாயை மூடச் சொல்லுற மாதிரி!"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் எனக்குச் சொன்னதெண்டு நினைச்சன். இனி வாய் திறந்தா இந்தப் பிள்ளை வரவே விடாதெண்டு, நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு இருந்தன்."

"அப்ப இந்தப் பாட்டு?"

"கேட்டவுடன உம்மட பாட்டெண்டு நினைச்சன். உமக்குப் பிடிக்குமெண்டுதான் கொண்டுவந்தனான்."

மூன்று வருடம்! நான் அது அவருடைய பாட்டு என்று அழுதேன், அவர் அது என்னுடைய பாட்டு என்று சுமந்து வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வீதியில் நின்று மூக்கைச் சீறினேன்.

"இப்ப கேக்கிறன்" என்றார். "மோதிரம் வேணுமோ?"

"மோதிரம் வேண்டாம். பேர் வேணும். ஆக்கள் கேக்கச் சொல்ல வேணும்."

சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தார். "எங்கட கோயிலில கலியாணத்துக்கு முன்னம் மூண்டு ஞாயிறு ஓலை வாசிப்பினம். உம்மட பேர், என்ர பேர், தாய் தேப்பன் பேர். ஆருக்கும் ஆட்சேபம் இருந்தா வந்து சொல்லச் சொல்லி. நீர் சைவமாவே இருக்கலாம், ஆயரிட்ட அனுமதி கேட்டாச் சரி. ஆனா முழுக் கோயிலும் கேக்கும். தாங்குவீரோ?"

"மைக்கிலயோ?"

"மைக்கில."

"சரி" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். எல்லா உடுப்பும் காய்ந்தது.

அக்காவிடம் சொன்னேன். கையிலிருந்த உடுப்பை மடித்து வைத்தாள். பிறகு, "அங்க மூண்டு ஞாயிறு வாசிக்கட்டும். வெள்ளவத்தைக்கு நான் இண்டைக்கே சொல்லிப்போடுவன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினாள். படிக்கட்டில் அவள் குரல்: "ஓம் மாமி, அதே ஆள்தான். ஃபேனுக்கு ஒண்டுமில்லை, அது எப்பவும் நல்லாத்தான் ஓடினது."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முதலாவது ஓலை.

ஜெரோம் மேலே, பாடகர் குழுவோடு. நான் கீழே, கடைசி வாங்கு, ஓரம். பக்கத்தில் வெள்ளை லேஸ் முக்காட்டோடு ஒரு அம்மா, கையில் செபமாலை. அறிவித்தல்கள் நீண்டன. திருவிழா ஒத்திகை, கூரைக்கு நிதி, யாரோ விட்டுப் போன கைப்பை.

பிறகு ஃபாதர் வாசித்தார். இப்பங்கைச் சேர்ந்த இன்னாரின் மகன் ஜெரோமும், வெள்ளவத்தையைச் சேர்ந்த இன்னாரின் மகள் கௌரியும் திருமணம் செய்ய விரும்புகிறார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். கூட ஒரு சொல் இல்லை, குறைய ஒரு சொல் இல்லை. மைக்கில். சுவரில் பட்டு என் பெயர் திரும்பியும் வந்தது. அப்பாவின் பெயரும். கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி கொண்டுபோகவில்லை, சேலைத் தலைப்புத்தான்.

பக்கத்து அம்மா என் காதுக்குள், "எங்கட ஜெரோமுக்கோ! ஆராம் பொம்பிளை? உங்களுக்குத் தெரியுமோ?"

"கொஞ்சம் தெரியும்."

"தடை ஒண்டும் இல்லையே?"

"வாய் கொஞ்சம் கூட" என்றேன். "மற்றும்படி ஒண்டுமில்லை."

"அது பரவாயில்லை. அவன் வாயே திறக்காதவன்" என்று செபமாலையை உருட்டத் தொடங்கினார்.

மேலே ஜெரோமின் கீபோர்ட் ஆரம்பித்தது. முதல் சுரமே பிழை.